நடுவர் இருக்கையும் நம்பிக்கையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் தளராமல் நடப்பது எளிய செயலன்று. புதிய கவிதையைப் படிக்கவும், குறை கூறினால் பொறுக்கவும், நிறை கண்டால் வாய்விட்டுப் பாராட்டவும் பழகிய அவை இது. அத்தகைய அவையில் 'அரசிலும் பொதுவாழ்விலும் கிறித்தவச் சமயப்பற்றின் இடம்' என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். இஃது அரசியல் மேடைக்கு உரிய பொருளாயிற்றே, கவிஞர் அவைக்கு ஏற்குமா என்னும் ஐயம் உங்களுள் சிலர்க்கு எழக்கூடும். ஏற்கும் என்றே நான் கருதுகிறேன். பல சமயத்தார் கூடும் பொது இடத்தில் நிற்கும் ஒருவர் தம் உள்ளத்து நம்பிக்கையை எந்தச் சொல்லால் பேசுவது, எந்த இடத்தில் பேசாதிருப்பது என்பதே இப்பொருளின் நடுவண் நிற்கும் வினா. அது சொல்லைப் பற்றிய வினா. ஆகவே நமக்கும் உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழிலக்கியம் நடத்திய வகுப்பில் ஒருமுறை ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அம்மா, வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் கிறித்தவர். அவர் திருவாவடுதுறைச் சைவ ஆதீனத்தின் தலைவரைப் புகழ்ந்து பாடினார் என்கிறீர்கள். எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாகக் கீர்த்தனைகள் இயற்றினார் என்கிறீர்கள். அப்படியானால் அவர்க்குத் தம் சமயத்தில் உறுதி இல்லையா? அல்லது அரசாங்க உத்தியோகத்துக்காக அதை மறைத்துக் கொண்டாரா?" கூர்மையான வினா. அதற்கு விடை தேடும் முயற்சியே இவ்வுரை.

இரண்டு பிழைகள்

வேதநாயகர் 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். அவர் வளர்ந்த காலத்தில் சென்னை மாகாண அரசு, சமயத்தைக் கையாள்வதில் எதிரெதிரான இரண்டு பிழைகளைச் செய்தது.

முதற்பிழை இது. 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைப்படி கோயில் அறக்கட்டளைகளின் மேற்பார்வை கம்பெனி அரசின் கைக்கு வந்தது. கோயில் விழாக்களில் படைவீரர் அணிவகுத்து மரியாதை செய்யும் வழக்கமும் இருந்தது. கிறித்தவராகிய வீரரும் அதிகாரியும் தம் மனச்சான்றுக்கு மாறாக அதில் நிற்க வேண்டியவராயினர். இதனை ஏற்காத சென்னைப் படைத் தலைமைத் தளபதி சர் பெரகிரின் மெயிட்லண்டு 1838இல் பதவி துறந்தார்.

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது. 1846இல் சென்னை ஆளுநர் டுவீடேல் பிரபு, அரசு நடத்திய உயர்பள்ளியில் விவிலியத்தைப் பாடநூலாக வைக்க முனைந்தார். காஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் மக்களைத் திரட்டி எதிர்த்தனர். இலண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர் அவையும் அதற்கு இசையவில்லை.

முன்னதில் அரசு, கிறித்தவனின் உள்ளத்தை நெருக்கியது. பின்னதில் கிறித்தவ ஆளுநரின் உள்ளம் அரசின் கையைக் கொண்டு பிறர் பிள்ளைகளை நெருக்க முயன்றது. நெருக்கப்பட்டவர் வேறு, நெருக்கிய கருவி ஒன்றே. அரசின் ஆணை நம்பிக்கையின் பக்கம் திரும்பும்போதெல்லாம் யாரோ ஒருவர் மனச்சான்று நசுங்குகிறது என்பதை அக்காலத்திலேயே தமிழகம் இருபுறமும் கண்டுவிட்டது.

1858இல் விக்டோரியா அரசியார் விடுத்த பேரறிக்கை இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழியைச் சொன்னது. கிறித்தவச் சமயத்தின் மெய்ம்மையில் தமக்குள்ள உறுதியை அரசியார் அதில் மறைக்கவில்லை. அதே தொடரில், தம் கொள்கையைக் குடிமக்கள் மீது சுமத்தும் உரிமையும் விருப்பமும் தமக்கு இல்லை என்றும் கூறினார். நம்பிக்கையை வெளிப்படச் சொல்லலாம்; சுமத்தலாகாது. எழுத்தில் அமைந்த இந்நெறி நடைமுறையில் எத்தனை முறை பிறழ்ந்தது என்பது வேறு செய்தி. ஆயினும் இதனை வாழ்வில் நடத்திக் காட்டிய ஒரு தமிழர், அவ்வறிக்கை வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே, 1857இல், தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்ந்துவிட்டார்.

முன்சீப்பின் மூன்று தமிழ்

நீதிமன்ற ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப்பாக உயர்ந்த வேதநாயகர் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் பணியாற்றினார். 1872இல் ஓய்வு பெற்றார். மாயூரத்தில் இருந்த ஆண்டுகளே நீண்டவை. ஆதலின் ஊர்ப்பெயரே அவர் பெயர்க்கு முன்னொட்டாயிற்று.

அவருடைய எழுத்துகளை வரிசைப்படுத்தி நோக்கினால் மூன்று வகைத் தமிழ் புலனாகும்.

முதலாவது, அவர் தம் ஆண்டவர் முன் நின்று பேசிய தமிழ். தேவமாதா அந்தாதி, திருவருள் அந்தாதி, சத்திய வேதக் கீர்த்தனை முதலிய நூல்கள் இவ்வகையின. இவற்றில் எவ்வகை மழுப்பலும் இல்லை. அன்னை மரியாளைப் போற்றும் கத்தோலிக்கப் பக்தர் ஒருவரின் குரல் இவற்றில் வெளிப்படையாக ஒலிக்கிறது. சமயத்தை மறைத்துக் கொண்டாரோ என்னும் மாணவியின் ஐயத்துக்கு இந்நூல்களே விடை. மறைக்க எண்ணியவர் இவற்றை எழுதியிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அவர் அண்டை அயலாரோடு பேசிய தமிழ். 1859இல் வெளிவந்த நீதிநூலும், 1869இல் வெளிவந்த பெண்மதி மாலையும், 1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும், 1879இல் அச்சேறிய தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரமும் இவ்வகையின. இவற்றிலும் கடவுள் உண்டு. ஆனால் அக்கடவுள் எவர் வீட்டுக்குள்ளும் தயக்கமின்றி நுழையும் சொற்களால் அழைக்கப்படுகிறார். அதனால்தான் அக்கீர்த்தனைகள் இன்றும் கருநாடக இசை மேடைகளில் ஒலிக்கின்றன. கேட்போர் இயற்றியவரின் சமயத்தை வினவுவதில்லை.

மூன்றாவது, சட்டத்தின் தமிழ். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளை அவர் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் வெளியிட்டார். இதில் கடவுளின் பெயருக்கு வேலையே இல்லை. வழக்காடும் எளியவர், தம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் இன்னதெனத் தம் மொழியில் அறிய வேண்டும் என்பதே நோக்கம். நாவலிலும் இவ்வெண்ணம் தொடர்கிறது. ஆண்வேடத்தில் விக்கிரமபுரியை ஆளும் ஞானாம்பாளின் கதைப் பகுதியில், கட்சிக்காரர் அறியாத மொழியில் வழக்குரைப்பதன் கேட்டை அவர் விரிவாகக் கடிந்துரைக்கிறார்.

ஒருவரே எழுதிய மூன்று தமிழ். முதலாவதை மூன்றாவதின் இடத்தில் அவர் வைக்கவில்லை. முன்சீப்பின் தீர்ப்பில் தேவமாதா வரவில்லை. ஆனால் முதலாவது இல்லாமல் மூன்றாவது பிறந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். கைக்கூலியைக் கடியும் அதிகாரம் ஒன்றை நீதிநூலில் எழுதியவர், கைக்கூலி கொடுக்கவும் வாங்கவும் வாய்ப்பு மிகுந்த ஓரிடத்தில் நாள்தோறும் அமர்ந்திருந்தவர். வழக்காட வந்தவர்மீது அவர் தம் சமயத்தைச் சுமத்தவில்லை. தம் கைமீதே சுமத்திக் கொண்டார்.

இங்கு நான் நிறுவ விரும்பும் கருத்து இதுவே. அரசிலும் பொதுவாழ்விலும் சமயப்பற்றுக்கு இடம் உண்டு. அவ்விடம், பதவியில் இருப்பவர் தம்மைத் தாமே கட்டிக்கொள்ளும் கயிறாக இருக்கும் இடம். பிறரைக் கட்டும் கயிறாக அது மாறும் நொடியில் இடம் தவறிவிடுகிறது.

மடமும் கஞ்சித் தொட்டியும்

இனி மாணவியின் மற்றொரு வினா. சைவ ஆதீனத்தலைவரைக் கிறித்தவர் பாடலாமா?

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் வேதநாயகரும் நெருங்கிய நண்பர்கள். மகாவித்துவான், வேதநாயகரையே பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக் கோவை பாடினார். சைவப் புராணங்களைப் பாடிக் குவித்த புலவர், கிறித்தவ முன்சீப்பின்மீது அகப்பொருட் கோவை பாடுகிறார். வேதநாயகரோ ஆதீனத்தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் கொடையையும் தமிழ்ப்பற்றையும் பாடுகிறார். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்கள் இந்நட்பின் இனிமையை அறிவார்கள். இவர்களுள் எவரும் தத்தம் சமயத்தை விட்டவரல்லர். விடுமாறு பிறரைக் கேட்டவருமல்லர். பாடப்பட்டது பண்பு. பண்புக்குச் சமய எல்லை இல்லை என்பதில் மூவர்க்கும் ஐயம் இருக்கவில்லை.

இந்நட்பின் பயனைத் தாது ஆண்டுப் பஞ்சம் காட்டியது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பெரும் பஞ்சத்தில் வேதநாயகர் தம் பொருளை வாரி வழங்கிப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வறத்தை வியந்து அவர்மீது கீர்த்தனை இயற்றினார். அப்போது வேதநாயகர் முன்சீப் அல்லர். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்துவிட்டன. பதவி போனபின்னும் எஞ்சி நின்ற சமயப்பற்று எதுவோ அதுவே மெய்யான பற்று. கஞ்சிக்கு நின்ற வரிசையில் 'நீ எவரைத் தொழுகிறாய்' என்னும் வினா எழவில்லை.

ஒரு தடையும் எழுப்பலாம், எழுப்புவதே முறை. ஆட்சியாளர் கிறித்தவர், முன்சீப்பும் கிறித்தவர். அத்தகைய காலத்தில் சமரசம் பேசுவது எளிதுதானே என்று கேட்கலாம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆட்சியாளரோ பெரும்பாலும் சீர்திருத்தச் சபையினர். இவரோ கத்தோலிக்கர் என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. வேதநாயகர் நீதிமன்றத்தின் மொழியைக் கேள்வி கேட்டார். கைக்கூலியைக் கேள்வி கேட்டார். பெண்ணுக்குக் கல்வி மறுக்கும் வழக்கத்தைக் கேள்வி கேட்டார். அந்நீதிமன்றத்தை நிறுவிய அந்நிய ஆட்சிக்கு உரிமை என்ன என்று கேட்கவில்லை. அவ்வினாவைக் கேட்க, அதே சமயத்தில் பிறந்த வேறொரு தமிழர் வரவேண்டியிருந்தது.

சிறைக்குள் ஒரு நற்செய்தி உரை

1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா, இலண்டனில் கணக்காயர் பயிற்சியும் அமெரிக்காவில் பொருளியலும் பெற்றவர். 1929இல் காந்தியடிகளைக் கண்டார். அதன்பின் அவர் வாழ்வின் திசையே மாறியது. குசராத்தின் மாத்தர் வட்டத்து உழவர்களின் நிலையை ஆய்ந்தார். 1934இல் பீகார் நிலநடுக்க நிவாரண நிதிக்குக் கணக்குப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளரானார்.

ஆள்வோரும் கிறித்தவர், குமரப்பாவும் கிறித்தவர். ஆளும் அரசுக்குக் கீழ்ப்படிவதே வேதம் கற்பித்த கடமை என அன்றைய திருச்சபைப் பெரியோர் பலர் போதித்தனர். மலைப்பொழிவைப் படித்தவன் ஏழையின் வயிற்றிலடிக்கும் வரிக்கும் வன்முறைக்கும் துணைபோக இயலாது என்பது குமரப்பாவின் துணிபு. 1942 இயக்கத்தை ஒட்டி நேர்ந்த சிறைவாசத்தில் அவர் இரண்டு நூல்களை ஆங்கிலத்தில் எழுதினார். ஒன்று இயேசுவின் செயலையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டிற்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார்.

சமய நூலும் பொருளியல் நூலும் ஒரே சிறையறையில் பிறந்தன என்பதை நினைவிற் கொள்க. பொருளியல் நூல், நிலத்தையும் காட்டையும் அடுத்த தலைமுறைக்கு அழியாமல் விட்டுச்செல்லும் வாழ்வைப் பேசுகிறது. அதனை ஏற்பதற்கு எவரும் கிறித்தவராக வேண்டியதில்லை. வேதநாயகர் பதவிக்குள் இருந்து செய்ததைக் குமரப்பா பதவிக்கு வெளியே நின்று செய்தார். இருவரிடத்தும் பற்று முதலில் தம்மையே கட்டியது. விடுதலைக்குப் பின்னும் எளிமையை விடாது, மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த குமரப்பா, 1960ஆம் ஆண்டு சனவரி 30இல், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே, மறைந்தார்.

தனித் தொகுதியும் பொதுத் தொகுதியும்

தனிமனிதர் பற்று ஒருபுறம் இருக்க, ஒரு சமயத்தார் கூட்டமாக அரசில் இடம் கேட்கலாமா என்பது அடுத்த வினா. இதிலும் இரு தமிழர் இருவேறு விடை தந்தனர்.

சேலத்திற் பிறந்த கே.டி.பால் 1930இல் முதல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றார். கிறித்தவர்க்கெனத் தனி வாக்காளர் தொகுதி வேண்டா என்பது அவர் நிலை. தம் மக்களைத் தாமே வேலியிட்டுப் பிரித்துக்கொண்டால் நாட்டின் பொதுவாழ்வுக்கு அவர்கள் அயலாராகி விடுவர் என அவர் அஞ்சினார். 1931இல் இரண்டாம் மாநாட்டுக்குச் சென்ற ஏ.டி.பன்னீர்செல்வம், நீதிக்கட்சியின் பெருந்தலைவர், தனித்தொகுதி கேட்ட சிறுபான்மையோர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். பெரும்பான்மையின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி எளியோர் வாழ இயலாது என்பது அவர் பக்கத்து வாதம். இருவரும் கிறித்தவர், இருவரும் பொதுநலம் நாடியவர். ஒருவரை நாட்டுப்பற்றாளர் என்றும் மற்றவரைப் பிரிவினையாளர் என்றும் எளிதாகத் தீர்ப்புக் கூறுவது முறையன்று. 1935ஆம் ஆண்டின் சட்டம் தனித்தொகுதியை வழங்கியது. 1949இல் அரசியல் நிர்ணய அவை, சமயச் சிறுபான்மையோர்க்கான ஒதுக்கீட்டிடங்களைக் கைவிட்டபோது கிறித்தவ உறுப்பினர்கள் அதற்கு இசைந்தனர். சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையை 25ஆம் உறுப்பு அனைவர்க்கும் பொதுவாக வழங்கியது. சலுகை போயிற்று, உரிமை நின்றது.

ஆயினும் ஓர் இடத்தில் சட்டம் இன்றும் சமயத்தைக் கேட்டே கதவைத் திறக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்துக்களுக்கு மட்டுமே அத்தகுதி என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் இன்னும் வெளியே நிற்கின்றனர். அவர் மாற்றிக்கொண்டது வழிபாட்டை; சேரியை அன்று. இதனைச் சட்டத்தின் குறை என மட்டும் சொல்லி அமைதல் கூடாது. தேவாலயத்துக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி புகுந்த கதையை, 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' திருச்சபையின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னது. அரசிடம் நீதி கேட்கும் சபை, தன் வாயிலுக்குள் அந்நீதியை முதலில் வழங்க வேண்டும். பற்று முதலிற் கட்ட வேண்டியது தன்னையே என்னும் நெறி தனிமனிதர்க்கு மட்டுமன்று, சபைக்கும் பொருந்தும்.

கவிஞர்க்கு ஒரு சொல்

முடிக்குமுன் ஒரு சிறு செய்தி. முற்காலத்து நீதிமன்றங்களில் இந்து சாட்சி கங்கை நீரின்மீதும் முசுலிம் சாட்சி குர்ஆன்மீதும் ஆணையிட்டனர். 1840ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அவ்வழக்கத்தை நீக்கி, எல்லாம் வல்ல இறைவன் முன்னிலையில் உறுதிகூறும் பொதுத் தொடரை வைத்தது. வேதநாயகர் முன்சீப்பாகக் கேட்ட சாட்சியங்கள் அத்தொடருக்குப் பின் வந்தவையே. விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்பு இன்னும் ஓரடி முன்சென்றது. பதவியேற்பவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம்; அல்லது உளமார உறுதி கூறலாம். நம்புவோர்க்கும் நம்பாதோர்க்கும் ஒரே தாளில் இரண்டு சொல். இரண்டில் எதைச் சொன்னாலும் அதன்பின் ஏற்கும் கடமை ஒன்றே.

கவிஞர் பெருமக்களே! சொல்லைத் தேர்வது உங்கள் தொழில். உங்களுள் பல சமயத்தாரும் எச்சமயமும் சாராதாரும் இருக்கிறீர்கள். உங்கள் பக்தியைப் பாடும்போது தயக்கமின்றி முழுக்குரலில் பாடுங்கள். வேதநாயகர் அப்படித்தான் பாடினார். ஊரார் அனைவர்க்குமான நீதியைப் பாடும்போது, எவரையும் வாயிலில் நிறுத்திச் சமயம் வினவாத சொல்லைத் தேடுங்கள். அச்சொல் கிடைக்கும்வரை எழுதுகோலைக் கீழே வைக்காதீர்கள். முதல் தமிழில் ஆழம் உள்ளவர்க்கே இரண்டாம் தமிழ் கைகூடும்.

என் மாணவிக்கு நான் கூறிய விடையையே உங்கள் முன்னும் வைக்கிறேன். வேதநாயகர் உறுதி குறைந்தவரல்லர். உறுதியை எங்கே வைக்க வேண்டும் என்று அறிந்தவர்.